புரொக்டர் குடித்த தேத்தண்ணி

சுவிஸில், வில் என்ற நகரத்தில், என் தமையனின் வீட்டில், தொலைக்காட்சிக்கு மேலே, ஒரு படம் தொங்குகிறது. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, யாரையும் நம்பாத இரண்டு கண்கள். அம்மாவின் பெரியப்பா அவர். வெள்ளைக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் புரொக்டராகக் காணி வழக்குகள் நடத்திப் பெயரெடுத்து, பிறகு தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனவர். வீட்டில் எல்லாருக்கும் அவர் 'புரொக்டர்'தான். உறவு சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை.

நான் பார்த்த காலத்தில் அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். பதவியெல்லாம் போய், விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடப்பார். யார் படலையைத் திறந்தாலும் முதற் கேள்வி ஒன்றுதான்: "எவடம்?" வந்தவர் தன் ஊரையும், ஊரில் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லவேண்டும். சொன்னால் சாதி விளங்கிவிடும். புரொக்டரின் கண் உடனே கதிரைக்கோ, வாங்குக்கோ, நிலத்துக்கோ போகும். வாய் திறந்து "இரு" என்று சொன்னதேயில்லை. கண் போன இடத்தில் வந்தவர் இருந்துகொள்வார். எனக்கு அந்தக் கண் அப்போதே பிடிக்காது. இப்போதும் படத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

குடும்பம் சொல்லும் கதையோ வேறு. எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்த புதிதில், அவர் கண்ணாலேயே நிலத்தில் இருத்தியவர்களின் குடியிருப்புக்கே போய், அவர்கள் வீட்டுத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாராம். கல்யாண வீடோ செத்த வீடோ, தமையன் இதைச் சொல்லாமல் எழும்பமாட்டார். எனக்கு அது தொண்டைக்குள் இறங்கியதில்லை. அப்படிப்பட்ட மனிதர் வாக்குக் கேட்கப் போன இடத்தில் மட்டும் எப்படி மாறினார்? கேட்டால், "உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்பார் தமையன்.

போன வருடம் என் மகள் தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பொடியன் ஒருவனை விரும்புவதாகச் சொன்னாள். இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். செய்தி கேட்ட தமையன் வாழ்த்துச் சொல்லவில்லை. "எவடமாம்?" என்றார். அச்சு அசல் அதே குரல். பிறகு பாரிசுக்கும் டொரொன்டோவுக்கும் தொலைபேசி எடுத்து விசாரித்து, அவன் எந்தச் சாதி என்று கண்டுபிடித்துவிட்டார். "தேத்தண்ணி குடிக்கிறது வேற, பொம்பிளை குடுக்கிறது வேற" என்றார்.

மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்பா, நீங்களும் அப்பிடித்தானோ?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவளை எப்படிக் குறை சொல்வது? புரொக்டரின் குடும்பம்தானே நானும்.

பொடியனின் தகப்பன் எங்கடின் என்ற மலைப்பகுதியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர். ஒரு ஞாயிறு தனியே ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். தமையனும் வந்திருந்தார். குளிரைப் பற்றிக் கதைத்தோம், ரயிலைப் பற்றிக் கதைத்தோம், ஒன்றும் ஒட்டவில்லை. சமாளிக்க நினைத்த தமையன் தேத்தண்ணிக் கதையை எடுத்தார். வந்தவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"அந்தக் கதை எங்கட வீட்டிலயும் இருக்கு, அண்ணை. அவர் குடிச்சது என்ர பாட்டன்ர வீட்டு வளவுக்குள்ளதான். ஆனா தண்ணி, சீனி, குடிக்கிற பேணி எல்லாம் உங்கட ஆக்கள் காரில கொண்டந்தவை. ஊத்திக் குடுத்ததும் உங்கட ஆள்தான். பாட்டன் பக்கத்தில நிண்டு கும்பிட்டவர், அவ்வளவுதான்."

இத்தனை வருடச் சந்தேகம் சரியாகிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. வந்தவர் இப்போது என் பக்கம் திரும்பியிருந்தார்.

"நீங்கள் எங்கட வீட்டை வந்து சாப்பிடுவியளோ?"

"ஓம், வாற ஞாயிறு வாறம்" என்றேன்.

போனோம். தமையன் வரவில்லை, முழங்கால் வலியாம். பொடியனின் தாய் சோறும் கணவாய்க் கறியும் போட்டார். கறி உண்மையிலேயே நல்ல ருசி. நான் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், மேசையில் வேறு ஒருவரும் சாப்பிடவில்லை. எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகளும்தான்.