வராதவர்கள் பட்டியல்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு எங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடும். கோடைக்காலப் பொதுமக்கள் பாதுகாப்பு என்று பேனர் கட்டுவார்கள். ஒலிபெருக்கி வைத்த வண்டி எங்கள் தாகேதாப் பேட்டையின் சந்துகளில் ஊர்ந்து வரும். அடுப்பை அணைத்தீர்களா, மெழுகுவர்த்தியை ஊதினீர்களா, வாசலில் தண்ணீரும் மணலும் வைத்தீர்களா என்று ஒரு பெண் குரல் கொஞ்சும். மின்சாரம் எப்போது வரும் என்று மட்டும் அந்தக் குரல் சொன்னதே இல்லை. மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாமல் வாளியில் வைக்கத் தண்ணீர் ஏது? இதை யாராவது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, ஏனென்றால் நான் அவர்களுடைய ஆள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பர்மாவில் பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. எங்கள் சந்துக்கு நான். சம்பளம் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு நகரத்துக்குள் லான்மடா வட்டாரத்தில் ஒரு மசாலாக் கடையில் நிற்கிறேன். பர்மியமும் தமிழும் தடங்கல் இல்லாமல் பேசுவேன் என்பதற்காக வார்டு அலுவலகம் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியது. மேலிருந்து வரும் உத்தரவை வீடு வீடாகச் சொல்ல வேண்டும். யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் செய்தேன். பிறகு அந்த ருசி எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

கோடையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீள மூங்கிலில் கட்டிய இரும்புக் கொக்கி ஒன்றும், தீயை அடித்து அணைக்கும் தட்டி ஒன்றும் இருக்க வேண்டும். எரிகிற கூரையை இழுத்துத் தள்ளத்தான் கொக்கி. எங்கள் பத்து வீடுகளில் முதல் இரண்டு வீட்டில்தான் அவை இருந்தன. சோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். அதிகாரி முதல் வீட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்ததும், அந்த வீட்டுக் கொக்கியையும் தட்டியையும் பெண்கள் பின்பக்கச் சாக்கடைப் பலகை வழியாக மூன்றாம் வீட்டு வாசலுக்குக் கொண்டு போய்ச் சாத்திவிடுவார்கள். அவர் இரண்டாம் வீட்டைத் தாண்டியதும் அங்கிருந்தவை நான்காம் வீட்டுக்குப் போகும். ஐந்தாம் வீட்டில் கொக்கிக் கம்பிலிருந்து சாக்கடைச் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளில் டிக் அடித்தார். பத்து வீட்டுக்கும் பத்து டிக். வார்டிலேயே முதல் பரிசு எங்கள் சந்துக்கு. என் சாமர்த்தியத்தை நினைத்து அன்று நான் கடையில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்போது அந்த வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பரிசளிப்புக்கு முன்னால் ஒரு கூட்டம் நடந்தது. காவல் நிலைய அதிகாரியும் புகைப்படக்காரர் ஒருவரும் சந்து முனைக்கு வந்து, தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பேசினார்கள். எனக்கு எதிர்வீட்டு அக்கா எழுந்தாள். அவள் கணவர் ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடக்கிறார். பிள்ளைகள் தாய்லாந்தில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"தம்பி, இத மட்டும் சயாகிட்ட கேட்டுச் சொல்லுங்க," என்றாள் என்னிடம். சயா என்பது நாங்கள் அதிகாரிகளையும் வாத்தியார்களையும் அழைக்கும் பர்மியச் சொல். "தீ வந்தா நான் ஓடிருவேன். அவர யாரு தூக்குவா?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அதிகாரி, மிகவும் நல்ல கேள்வி என்றார். உதவி தேவைப்படுவோர் பட்டியலில் அவர் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு எல்லோருமாக அவள் வீட்டுக்குள் போனோம். அதிகாரி ஒரு சிவப்பு விசிலை எடுத்து நோயாளியின் கழுத்தில் மாட்டினார். ஆபத்து என்றால் ஊத வேண்டும், ஊர் ஓடிவரும் என்றார். வாதம் அவருடைய வாயையும் ஒரு பக்கமாக இழுத்துவிட்டிருந்தது. டீயே பாதி உதட்டோரம் வழிந்துவிடும். விசிலை வாயில் வைத்து, விழாமல் அக்கா பிடித்துக்கொள்ள, படம் எடுத்தார்கள். அவரால் ஊத முடியுமா என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவருக்கு டீ புகட்டுகிற அக்காவுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அதிகாரியும் கேமராவும் இருக்கும் இடத்தில் அவள் எப்படி வாயைத் திறப்பாள்? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பரிசளிப்பு விழா, பந்து மைதானத்தில். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும், வராதவர்கள் பெயரைப் பொறுப்பாளர் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. காட்சிக்கு வைக்க எங்கள் இரண்டு கொக்கிகளையும் தட்டிகளையும் முந்தின நாளே வண்டியில் எடுத்துப் போய்விட்டார்கள். முதல் பரிசு வாங்கிய சந்தின் சாமான் அல்லவா!

அக்கா என் வாசலுக்கு வந்தாள். "என்னை விட்டுருங்க தம்பி. அவர தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

"ஒரு மணி நேரம்தான்க்கா. கைதட்டிட்டு வந்துரலாம். பரிசு வாங்குற சந்துல ஆள் குறைஞ்சா என்னைத்தான் பிடிப்பாங்க."

 மறுநாள் அவருக்குச் சோறூட்டி, பக்கத்தில் அவருடைய எனாமல் தம்ளரை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தாள். விசிலும் அவர் கழுத்தில்தான் இருந்தது.

வர மாட்டேன் என்றது ஒரே ஒருத்திதான். அக்காவுக்குப் பக்கத்து வீட்டில், மீன்குழம்பு ஊற்றிய சேமியாவான மொகிங்கா விற்கும் பர்மியப் பெண். எங்களை விட மூத்தவள் என்பதால் எல்லோரும் மமா, பர்மியத்தில் அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் குழம்புக்கான வாழைத்தண்டை மலைபோல் குவித்து வைத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் அங்கே வந்து கைதட்டினால் இது தானாக நறுக்கிக்கொள்ளுமா?" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன திமிர்! அங்கேயே நின்று அவள் பெயரைப் பட்டியலில் எழுதினேன். முத்து முத்தாக, அழகாக எழுதினேன். மைதானத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

மேடையில் எங்கள் கொக்கிகளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி ஒன்று மைதானத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் காட்டிக்கொண்டிருந்தது. நான் சான்றிதழை வாங்கிப் படத்துக்குச் சிரித்த நேரத்தில் எங்கள் சந்தில் மின்சாரம் வந்திருக்கிறது. யாரும் எதிர்பாராத நேரம். ஆறாம் வீட்டில் ஒரு பேட்டரியைச் சார்ஜில் மாட்டி வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருந்தார்கள். அது சூடேறிப் பற்றிக்கொண்டது. பலகைச் சுவர்கள், தகரத்துக்கடியில் மூங்கில் தட்டி. அடுத்த வீடு அக்காவுடையது.

புகையைப் பார்த்து நாங்கள் ஓடினோம். அக்கா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். எதுவும் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். தீயணைப்பு வண்டி எங்களைத் தாண்டிப் போய், சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. கூரையை இழுக்கக் கொக்கி இல்லை. அது மேடையில் ரிப்பனோடு இருந்தது.

அக்காவின் கணவர் சந்து நடுவே பாயில் கிடந்தார். உயிரோடு கிடந்தார். பக்கத்தில் மமா சாக்கடைத் தண்ணீரில் இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே தோல் சுருண்டிருந்தது. அவர் இடது கையால் தம்ளரைச் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தாராம். டீ வேண்டும் என்றால் இரண்டு தட்டு தட்டுவார், இது நிற்கவில்லை என்று கத்தியை வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். பாயோடு அவரை இழுத்து வரும்போது கூரைச் சட்டம் அவள் கைகளின் மேல் விழுந்திருக்கிறது. விசில் அவர் கழுத்திலேயே கிடந்தது. அக்கா அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

மூன்று வீடுகள் போயின. மறுநாள் காவல் நிலையத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவருடைய படம், வாயில் விசிலோடு. உதவி தேவைப்படுவோரை முன்கூட்டியே அடையாளம் கண்டதால் உயிர் காக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது என் போனைச் சுவரில் அடித்து உடைத்தேன். உடைத்து என்ன? வேறு போனில் எல்லோரும் படித்தார்கள்.

மூன்றாம் நாள், விழாவுக்கு வராதவர்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். எங்கள் சந்தில் ஒரே ஒரு பெயர்தானே! பொறுப்பாளர் கூட வர வேண்டும் என்பதால் நானும் போனேன். இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டுக்கொண்டு மமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"சயா, அந்த மனுஷனைக் காப்பாற்றியதே இவங்கதான்," என்றேன். "அன்றைக்கு இவங்களும் வந்திருந்தால் அவர் செத்திருப்பார்."

"அது வேறு, இது வேறு," என்றார் அதிகாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இனிமேல் தவறாமல் வருவேன் என்று ஒரு தாளில் எழுதி அவள் முன் வைத்தார். பேனா பிடிக்க முடியாததால் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது பெருவிரலில் மை தடவினார்கள். எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போலிருந்தது. புரட்டவில்லை. என் பயத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேல் வந்ததை விடப் பெரிது.

அந்தத் தாளோடு என் பட்டியலையும் குத்தி வைத்திருந்தார்கள். மமா அதைக் குனிந்து நிதானமாகப் படித்தாள்.

"உன் எழுத்துதானே? அழகாக எழுதியிருக்கிறாய், தம்பி."

வெளியே வந்து நான் அழுதேன். அவளுக்கு எரிச்சலாகிவிட்டது. "அழுகை எனக்கு எதற்கு? விடியற்காலையில் வா, வாழைத்தண்டு நறுக்க ஆள் இல்லை," என்றாள்.

தினமும் கடைக்குப் போகும் முன் போய் நறுக்கிக் கொடுக்கிறேன். தடிமனாக நறுக்குகிறேன் என்று திட்டுகிறாள். அவளுடைய வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.