மசியாத கண்

வெயிலில் நடந்துவந்தால் எல்லோருக்கும் முகம் சிவக்கும். என் உம்மாவுக்குப் பாதி முகம்தான் சிவக்கும். வலப்பக்கம் செக்கச்செவேலென்று வியர்த்து வழிய, இடப்பக்கம் வெளுத்துக் காய்ந்து கிடக்கும். அந்தப் பக்கத்து இமையும் தாழ்ந்து, கண்மணி சிறுத்துவிட்டிருந்தது. எனக்கு அதில் ஏகப் பெருமை. எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கு இப்படி ஓர் உம்மா உண்டு?

சைகோனில் அப்போது எங்காவது குண்டு வெடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பயந்துதான் உம்மாவுக்கு முகம் இப்படி ஆகிவிட்டது, ஊருக்கு, காரைக்காலுக்குப் போனால் சரியாகிவிடும் என்று அத்தா தீர்ப்பு சொல்லிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜவுளிக்கடையை ஒழித்துவிட்டுக் கப்பலேற அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

“பயந்தது நீங்க. எனக்கு என்னான்னு தெரியாம நான் கப்பல்ல கால் வைக்க மாட்டேன்” என்றாள் உம்மா.

ஆஸ்பத்திரியில் தொக்தர் பிரெஞ்சில் சொன்னதை அத்தா தமிழில் சொன்னார். முதல் சொட்டு மருந்துக்கு நல்ல கண்மணி விரியும், கெட்டது விரியாது. சில நாள் கழித்து வேறொரு மருந்து. அதற்கு விரிந்தால் கழுத்து நரம்போடு போயிற்று. விரியாவிட்டால் கோளாறு கீழே, நெஞ்சுக்குள். கட்டியாக இருக்கலாம்.

முதல் மருந்துக்கு இடக்கண் அசையவில்லை. இரண்டாவது மருந்து விட்ட அன்று நான் உம்மாவின் மடியில் ஏறி, அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொக்தர் விளக்கடித்துப் பார்த்தார். அத்தா தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். கண்மணி கடுகளவாகவே நின்றது.

“உம்மாக்கிட்ட மருந்து தோத்துப்போச்சு” என்று கைதட்டினேன். அத்தா கையை ஓங்கிவிட்டார்.

“புள்ளைய விடுங்க” என்றாள் உம்மா. “அவ சந்தோசமா இருக்கட்டும்.”

மறுநாள் அவளே கடைக்குப் போய், நல்ல துணியாகப் பார்த்துக் கிழித்து வந்தாள். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மிதிக்க மிதிக்கப் பாதி முகம் சிவந்துகொண்டே வந்தது. முதல் கவுன் எனக்கு அளவாக இருந்தது. அடுத்தது தொளதொளத்தது. அதற்கடுத்தது தரையைக் கூட்டியது. கடைசியாக ஒரு தாவணிக்கு ஓரம் அடித்தாள்.

“இது யாருக்கு?”

“உனக்குத்தான்.”

பால்பல்கூட முழுதாக விழாத எனக்குத் தாவணியாம். அளவு தெரியாத உம்மா என்று அத்தாவிடம் போய்ப் புகார் சொன்னேன். பிறகு தாவணியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.