பின்னால் நின்று சொன்ன பத்து வார்த்தைகள்

ஸ்டெல்லா மேடம் தவறிப்போன செய்தியை அவருடைய காது கிளினிக்கில் வேலை செய்யும் பெண் போனில் சொன்னாள். ஒரே தடவைதான் சொன்னாள், முழுசாகக் கேட்டது. அப்படிக் கேட்க வைத்த மனுஷியே போய்விட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர். திண்டிவனத்தில் அவரிடம் காதைக் காட்டிய உங்களுக்கெல்லாம் அவர் முகம் மறந்திருக்காது. பாதி நேரம் அதை ஃபைலால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார் என்பதும் மறந்திருக்காது.

என் முதல் காது மிஷின் விழுப்புரத்தில் ஒரு கடையில் வாங்கியது. மாட்டிவிட்டவன் எதிரே உட்கார்ந்து, "கேக்குதாம்மா?" என்றான். உதட்டைப் பார்த்துத் தலையாட்டினேன். அதோடு அனுப்பிவிட்டான். அவன் போட்டிருந்த கோடுபோட்ட சட்டைகூட ஞாபகம் இருக்கிறது. இன்னும் மன்னிக்கவில்லை.

மேடமிடமும் அப்படித்தான் தலையாட்டினேன். அவர் ஃபைலால் வாயை மறைத்து ஏதோ சொன்னார். அதற்கும் ஆட்டினேன். ஃபைலை இறக்கிவிட்டுச் சிரித்தார். "உங்க பேர் என்னன்னு கேட்டேன்மா. அதுக்குப் போய் ஆமான்றீங்க."

பிறகு புது மிஷின் ஒன்றை மாட்டி, கூடவே நூல் மாதிரி ஒரு குழாயைக் காதுக்குள் விட்டு, உள்ளே எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளந்தார். கம்ப்யூட்டரில் கோடு ஏறி இறங்கியது. என் காதுக்குள் நடப்பதை நானே உட்கார்ந்து பார்த்தேன். கோடு சரியாக வந்தும் அவர் விடவில்லை.

"கோடு இருக்கட்டும். வீட்ல யார் பேசறது கேக்கல?"

மருமகள் கலா என்றேன். அவள் வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிறாள், ஏழு வருஷமாக என்னை மதிப்பதில்லை என்றேன். எந்தெந்த நாள் என்றும் சொன்னேன். கலா வெளியே பெஞ்சில்தான் இருந்தாள்.

மேடம் அவளைக் கூப்பிட்டு என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார். படிக்கச் சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, என் மிஷினைக் கழற்றினார். காத்திருந்தேன். சத்தமே இல்லை. அவளை வாயைத் திறக்கச் சொல்லுங்கள் என்று மேடமிடம் சொன்னேன்.

அவர் முகத்தை என் பக்கம் நன்றாகத் திருப்பி, நிதானமாகச் சொன்னார். "பத்து வார்த்தையும் சொல்லிட்டாங்கம்மா."

மிஷினை மாட்டி வேறு சீட்டைப் படிக்க வைத்தார். ஆறு கேட்டது. கம்ப்யூட்டரில் எதையோ திருத்தி, இன்னொரு சீட்டு கொடுத்தார். ஒன்பது கேட்டது. கலாவின் குரல் மெலிசு, என் காதில் போயிருந்ததும் அந்த மெலிசுச் சத்தம்தான் என்று என் காதைச் சோதித்த காகிதத்தில் கோடு இறங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். என் ஏழு வருஷக் கோபம் அந்தப் பள்ளத்தில் கிடந்தது. பின்னாலிருந்து கலா, சீட்டில் இல்லாததை ஒன்று சொன்னாள்.

"அத்தைதான் என்கூடப் பேசறதில்லன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன் மேடம்."

விழுப்புரத்துக்காரன் மேல் உள்ள கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கலா மேல் இருந்ததை மேடம் அளந்து பார்த்து வாங்கிக்கொண்டார். கேட்காததற்குத் தலையாட்டக் கூடாது என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அடக்கத்துக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். ஒரே கூட்டம், அழுகை. மண் போட்டு முடிந்ததும், பின்னாலிருந்து கலா, "போலாமா அத்தை?" என்றாள்.

திரும்பிப் பார்க்காமலே, "இருடி, இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.