பகல் ஆட்டத்துக்கு வந்த முனுசாமியின் குதிரை

சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கக் கதவில் நின்று டிக்கெட் கிழிக்கிறவள் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை, முதுகால் கேட்கிறாள். நீங்களும் ஏதாவது ஒரு கதவிலோ கவுண்டரிலோ வரிசை முனையிலோ நின்று பிழைக்கிறவர் என்றால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் நம்மைத் தாண்டி எங்கேயோ போவார்கள். நாம் மட்டும் கால் வலியோடு அங்கேயே நிற்போம்.

காஞ்சிபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பதினோரு வருஷம் நான் அப்படி நின்றேன். சண்டை, மயக்கம், பிரசவ வலி எல்லாம் அந்தக் கதவில் பார்த்தாயிற்று. இப்போது சொல்லப்போவது ஒரே ஒரு வாரத்துச் சமாசாரம். அறுபதுகளின் கடைசி, மார்கழி மாதம், பள்ளிக்கூடங்களுக்கு அரைப் பரீட்சை லீவு.

மனுசனே இல்லாத படம்

லீவு நாட்களில் காலை பதினோரு மணிக்குப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஆட்டம் உண்டு. அந்த வருஷம் வந்தது ஏதோ வெளிநாட்டுப் பொம்மைப் படம். எல்லாம் கையால் வரைந்தது. பனி கொட்டுகிற ஊரில் ஒரு சிறுமி, யாருக்கும் அடங்காத ஒரு காட்டுக் குதிரை, அதைப் பிடிக்கக் கயிற்றோடு அலைகிற ஆட்கள். என்ன பாஷை என்று எங்கள் மேனேஜருக்கே தெரியாது. புரிந்தது ஒன்றுதான். அந்தச் சிறுமி நாக்கை அண்ணத்தில் ஒட்டி 'டொக், டொக்' என்று ஒரு சத்தம் போடுவாள். குதிரை எவ்வளவு வேகத்தில் ஓடினாலும் நின்று திரும்பிப் பார்க்கும்.

முதல் நாள் நாலு பிள்ளைகளோடு வந்த ஒரு நெசவுக்காரர் வீட்டம்மா, போஸ்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா, ஒரு மனுசங்கூட நடிக்காத படத்துக்கு எங்ககிட்ட மட்டும் முழு டிக்கெட்டா?”

ஆபரேட்டர் இறங்கி வந்தார்

எங்கள் ஆபரேட்டர் கோவிந்து, பேய்ப் படம் ஓடும்போது வேர்க்கடலை உரித்துத் தின்கிறவர். பயம் என்பது அவர் ரத்தத்திலேயே இல்லை என்று நாங்கள் நம்பியிருந்தோம். அன்றைக்கு முதல் ஆட்டம் முடிந்ததும் மெஷின் ரூமிலிருந்து இறங்கி வந்து, என் பானையிலிருந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். மெஷின் சூடா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

“ரூமுக்குள்ள எந்தப் பக்கம் நவுந்தாலும் அந்தக் குதிரை என்னையே பாக்குதுக்கா. வரைஞ்சவன் எல்லாத்தையும் வரைஞ்சிட்டு, கண்ண மட்டும் உசுரோட இருந்த குதிரைலருந்து எடுத்து வச்சிட்டான்.”

முந்தானை

மடிக் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு, அது ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கூட்டத்தில் யாராவது ஒரு பெண்பிள்ளையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அவள் பெற்ற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டியது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். பார்த்தால் கேட்க வேண்டும், கேட்டால் அழும், அழுதால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டாம் நாள் அப்படி ஒரு பெண் போனாள். எட்டு வயசிருக்கும். வெளுத்த பச்சைப் பாவாடை, தலைமுடியில் வைக்கோல், இறுக்கி மூடின கை. என்னைத் தாண்டும்போது லாயத்து வாடை அடித்தது. மூன்றாம் நாளும் வந்தாள். அன்றைக்கு அவள் பிடித்திருந்தது பக்கத்து ஊரான கூரத்திலிருந்து வந்த ஒரு அம்மாளின் முந்தானை. ஆட்டம் முடிந்து அந்த அம்மாள் தனியாக வெளியே வந்ததும், “என்னம்மா, பொண்ண உள்ளயே உட்டுட்டுக் கெளம்பிட்டீங்க?” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எனக்குக் கொழந்தையே இல்லியேம்மா. ஆனா உள்ள போறப்ப முந்தானைய யாரோ இழுத்தா மாதிரிதான் இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல.”

புளியங்கொட்டை

ஒரு தடவை தூங்கிப்போன குழந்தையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு நான் பட்ட பாடு போதும். அதிலிருந்து என் வழி இதுதான்: டிக்கெட் இல்லாமல் உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடுவேன், வெளியே வரும்போது ஒன்றை எடுப்பேன். அன்றைக்கு எல்லாரும் போன பிறகும் டப்பாவில் ஒரு கொட்டை கிடந்தது.

உள்ளே போனேன். ஆள் இல்லாத கொட்டகையைப் பகலில் பார்த்திருக்கிறீர்களா? இருட்டைவிட மோசம். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும். பெஞ்சுக்கடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன். ஒரு பிள்ளையும் இல்லை. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து 'டொக், டொக்' என்று கேட்டது. சற்று நின்று, மறுபடி 'டொக், டொக்'. கோவிந்து விளையாடுகிறார் என்று நினைத்து, மெஷினை நிறுத்தித் தொலைக்கும்படி மேலே பார்த்துக் கத்தினேன். மெஷின் ரூம் ஓட்டை வழியாக அவர் தலை தெரிந்தது.

“மெஷின நிறுத்திக் கால் மணி ஆச்சுக்கா. ஸ்பீக்கர் ஒயரக்கூட கழட்டிக் கையில வச்சிக்கினு இருக்கேன், பாரு.”

வேப்பமரத்தடி

வெளியே ஓடிக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். திரைக்கும் பின்சுவர்த் தகரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் உண்டு. அந்தத் தகரத்தின் மூலை வளைந்து, ஒரு குழந்தை நுழைகிற அளவுக்கு வழி இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் ஈர மண்ணில் குளம்புத் தடம், சூடு ஆறாத லத்தி, நாலைந்து கொள்ளு. குழந்தையும் இல்லை, குதிரையும் இல்லை.

முன்பக்கம் ஜட்கா ஸ்டாண்டில் பாஷா பாயிடம் கேட்டேன். அவர் விஷயத்தைச் சொன்னார். ஜட்கா ஓட்டுகிற முனுசாமி ஐப்பசியில் காமாலை கண்டு செத்துப்போனான். அவன் குதிரையை ராணிப்பேட்டைத் தரகர் ஒருவர் வாங்கிவிட்டார். பிடித்துப் போக வந்த அன்றைக்கு அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இப்போது ஏனாத்தூர்ப் பக்கம் வயலில் திரிகிறது, கிட்டே போன இரண்டு பேரைக் கடித்திருக்கிறது. சனிக்கிழமை பத்து ஆட்களோடு சுருக்குக் கயிறு கொண்டு வருவதாகத் தரகர் சொல்லியனுப்பியிருக்கிறார். குதிரைக்குக் கால் ஒடிந்தாலும் பரவாயில்லையாம். முனுசாமியின் மகள் வள்ளி, அதற்குள் குதிரையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சவால் விட்டுவிட்டுத் தினமும் காணாமல் போகிறாள். முனுசாமி குதிரையைக் கூப்பிடுகிற சத்தமும் அதே 'டொக், டொக்' தான்.

எனக்குப் பாதி உயிர் வந்தது. படத்துச் சத்தம் கேட்டுக் குதிரை வருகிறது, பெண் திரைக்குப் பின்னால் காத்திருந்து வெளியே போகிறாள். படம் நின்ற பிறகு அவளே அந்தச் சத்தத்தைப் போட்டிருக்கிறாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பாஷா பாய் அதோடு விட்டிருக்கலாம்.

“அந்தத் தகரத்த வளச்சதே முனுசாமிதாம்மா. சவாரி இல்லாதப்போ குதிரைய மரத்துல கட்டிட்டு அங்க நின்னுக்கினு ஓசியில படம் பாப்பான். அல்லா சத்தியமா சொல்றேன், முந்தாநேத்துகூட அங்க யாரோ நிக்கறா மாதிரி இருந்துச்சு. நான் அந்தப் பக்கமே திரும்பல.”

எட்டு ஆணி

என் புத்தி அப்போது எங்கே போனதோ. கடிக்கிற குதிரை, எட்டு வயசுக் குழந்தை. ஏதாவது ஆனால் அவளை உள்ளே விட்ட பாவம் எனக்குத்தானே? சனிக்கிழமை காலையில் கோவிந்துவை அந்தத் தகர மூலையில் எட்டு ஆணி அடிக்கச் சொன்னேன். கதவிலும் அவளை மறித்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். கடைசி நாள், கூட்டம் நெரிந்தது. பச்சைப் பாவாடை என் கண்ணில் படவே இல்லை. வரவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கினதும் பெண்கள் பக்கக் கதவை வெளியே தாழ் போடுவது எங்கள் வழக்கம், பிள்ளைகள் நடுவில் வெளியே ஓடக் கூடாது என்பதற்காக. தாழைத் தள்ளிவிட்டுத் திரும்பினால் ஒரு பாட்டியம்மா மூச்சிரைக்க நின்றுகொண்டு என் பின்னால் தேடுகிறாள்.

“இப்பதாம்மா ஒரு பச்சப் பாவாடப் பொண்ணு என் முந்தானையப் புடிச்சிக்கினு வந்துச்சு. கதவாண்ட வந்து பாத்தா காணோம். நீ உள்ள உட்டியா?”

திரைக்குப் பின்னால்

தாழைத் திறந்து உள்ளே ஓடினேன். இருட்டில் முந்நூறு தலை. படத்தில் கயிற்று ஆட்கள் குதிரையை மடக்கிவிட்ட இடம். அந்த வரைந்த சிறுமி 'டொக், டொக்' என்றாள். கொட்டகைக்கு வெளியே குளம்புச் சத்தம் கேட்டது. பின்தகரத்தில் ஓர் உதை விழுந்தது. பிள்ளைகள் படத்தில்தான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். இரண்டாவது உதையில் எட்டு ஆணியும் பிடுங்கிக்கொண்டு தகரம் சரிந்தது.

மார்கழி வெயில் சாய்வாக உள்ளே பாய்ந்து திரைத் துணியின் பின்பக்கம் விழுந்தது. படம் வெளுத்து மறைந்தது. அந்த இடத்தில் ஒரு கறுப்புக் குதிரையின் நிழல், தரையிலிருந்து கூரை வரைக்கும், காதுகளை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதற்கு எதிரில் பாவாடை கட்டின ஒரு சின்ன நிழல். கை தட்டல் நின்றுவிட்டது. குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. நான் அடைத்த வழியில் அந்தப் பெண் மாட்டிக்கொண்டாள், என்னால்தான் சாகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது மறுபடி 'டொக், டொக்'. மெதுவாக, பழகின ஆள் போடுகிற மாதிரி. தூக்கின கால்கள் மண்ணில் இறங்கின. பெரிய நிழல் குனிந்து சின்ன நிழலின் தலையோடு ஒட்டியது. பிறகு இரண்டும் சிறுத்துச் சிறுத்துத் துணியை விட்டே போய்விட்டன. நான் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது சாய்ந்த தகரத்தில் ரத்தம் மட்டும் இருந்தது. முன்பக்கம் திரும்பி வந்தால், தறிக்கு நூல் தாறு சுற்றிக்கொண்டிருந்த கையோடு வள்ளியின் அம்மா கன்னியம்மா ஓடி வந்திருந்தாள். விரலில் பட்டு நூல் சுற்றியபடியே இருந்தது. அவள் கேட்டது இவ்வளவுதான்.

“உள்ள உட்டது நீதானம்மா? வெளிய உட்டியா?”

ஏரிக்கரை

பாஷா பாயின் ஜட்காவில் நானும் கன்னியம்மாவும் ஏறினோம். அவள் வழியெல்லாம் விரலிலிருந்த நூலைப் பிரித்துக்கொண்டு வந்தாள். நான்தான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டு வந்தேன். ஏனாத்தூர் ஏரிக்கரையில் தரகரும் பத்து ஆட்களும் கயிற்றோடு நின்றிருந்தார்கள். ஒருவரும் கீழே இறங்கவில்லை. கீழே குதிரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வள்ளி அதன் வயிற்றுக்கடியில் உட்கார்ந்து, தகரம் கிழித்த குதிரையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெண் எழுந்து கரைமேல் ஏறி வந்தாள். கயிறு இல்லை, கடிவாளம் இல்லை, குதிரை அவள் பின்னாலேயே வந்தது. ஆட்கள் வழி விட்டார்கள். தரகருக்கு எதிரில் மட்டும் அது நின்று, அவர் முகத்தையே பார்த்தது. கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

“எனக்கு வேணாம்பா, நீங்களே வச்சிக்குங்க. முனுசாமிய கெடத்தியிருந்த எடத்துலயே உக்காந்து இத வெல பேசினேன். அன்னிக்கு அவன் கண்ணு மூடவே இல்ல. அதே பார்வ பாக்குது.”

திரும்பி வருகிற வழியில்

வள்ளி ஜட்காவில் ஏறமாட்டேன் என்றாள். நானும் அவளோடு நடந்தேன். ஆணி அடிக்கச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, குதிரையின் நொண்டலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, “உயிர் போற நேரத்துல எவ்ளோ அழகா அந்தச் சத்தத்தப் போட்ட நீ! எங்க, எனக்கு ஒரு வாட்டி போட்டுக் காட்டு” என்றேன். அவள் நின்று என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“அது எனக்கு வராதேக்கா. அப்பா சொல்லிக் குடுக்கறதுக்குள்ள செத்துப்போச்சு.”

கதவில் நிற்கிறவளுக்கு உள்ளே போனது யார் என்று தெரியும், வெளியே வந்தது யார் என்றும் தெரியும், உள்ளேயே இருப்பது யார் என்பதைத்தான் எந்த மேனேஜரும் வேலைக்குச் சேரும்போது சொல்லித் தொலைப்பதில்லை.