டீலோஸுக்குப் போகும் வழி

டீலோஸ் தீவுக்கு எப்படிப் போவது என்று ஸ்டமாட்டாவைப் போலச் சொல்ல, பக்கத்துக் கிரேக்கத் தீவான மிக்கோனோஸில் ஆள் கிடையாது. பழைய துறைமுகத்து டிக்கெட் கூண்டிலிருந்து ஒரே மூச்சில் ஒப்பிப்பாள்: அரை மணிப் பயணம், நிழல் கிடையாது, தொப்பி வேண்டும், படகு உங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும், மூன்று மணிக்குத்தான் மறுபடி வரும், அதைத் தவறவிடாதீர்கள், இரவு தங்க விடமாட்டார்கள்.

அவள் மட்டும் போனதில்லை. கோடையில் படகு உண்டு, ஓய்வில்லை. குளிர்காலத்தில் ஓய்வு உண்டு, படகில்லை.

இத்தனைக்கும் அவளுடைய அண்ணன் லினார்தோஸ் அங்கேதான் காவலர். இடிந்த கோயில்களுக்கும் பல்லிகளுக்கும் நடுவே அவருக்கு ஓர் அறை.

"உடைஞ்ச கல்லப் பாக்க உலகமே வருது. கூடப் பொறந்தவனப் பாக்க உனக்கு வழி தெரியல" என்பார் போனில்.

"உன்னப் பாக்க நான் டிக்கெட் வேற எடுக்கணுமா? நீ வா. மீன் சுட்டு வைக்கிறேன்."

அந்த ஆகஸ்டில் வடகாற்று பிடித்த பிடியை விடவில்லை. படகுகள் ரத்து. ஒரு காலையில் அண்ணனின் குரல் பாதியாகியிருந்தது. நெஞ்சு கனக்கிறது என்றார்.

"யாரையாவது அனுப்பச் சொல்லவாண்ணா?"

"சும்மா இரு. இந்தத் தீவுல யாரும் சாகக் கூடாதுன்னு அந்தக் காலத்துச் சட்டம். நான் சட்டத்த மீறுற ஆளா?"

அதன்பின் அவர் போனை எடுக்கவில்லை. மதியம் காற்று சற்றுத் தணிந்து, தடை நீங்கியது. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டமாட்டா கூண்டைப் பூட்டிவிட்டுப் படகுக்கு விரைந்தாள்.

"அக்கா, டிக்கெட் எங்க?" என்றார் படகோட்டி தெமோஸ். அவள் முகத்தைப் பார்த்ததும் கை கொடுத்து ஏற்றினார்.

கரையிலிருந்து காவலர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. அங்கே கல்லியோப்பி என்ற காவல்காரப் பெண் திகைத்து நின்றாள்.

"அண்ணன இப்பதான் மீன் படகுல கூட்டிட்டுப் போனாங்கக்கா. ஓர்னோஸ் வழியா."

வடகாற்றில் சின்னப் படகுகள் பழைய துறைமுகத்துக்கு வராமல், மிக்கோனோஸின் தெற்கே உள்ள ஓர்னோஸ் கரைக்குத்தான் ஒதுங்கும். அது அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் கூண்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, டீலோஸுக்கு ஒரே வழிதான் என்று அவளே நம்பிவிட்டிருந்தாள். கீழே தெமோஸின் படகு புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணனின் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள்.

"அந்த ரெண்டாவது நாற்காலியில எங்கள உக்கார விடமாட்டாரு. தங்கச்சி வருவான்னு சொல்லுவாரு" என்றாள் கல்லியோப்பி.

ஸ்டமாட்டா அதில் உட்கார்ந்தாள். மூன்று மணிப் படகுக்கு முன்னால் போன் வந்தது. அண்ணன் சட்டத்தை மீறவில்லை. மிக்கோனோஸ் மருத்துவமனையில்தான் இறந்தார். இடையில் அவளைக் கேட்டிருக்கிறார். ஆள் அனுப்பியிருக்கிறார்கள், கூண்டு பூட்டியிருக்கிறது என்று போனவன் திரும்பி வந்து சொல்லியிருக்கிறான்.

அதை அவர் நம்பவில்லையாம்.

"ஆகஸ்டுல அவ பூட்டமாட்டா. நல்லாப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."