நாலு தேசிக்காயும் ஒரு கவச வண்டியும்

1. இறங்கிய சாமான்

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை. மழைத் தூறல். திகதியும் போட்டுத்தான் எழுதுவது என் வழக்கம். ஆனால் நான் திகதி போட்டால் அது பிழையென்று என் மனைவி பத்மா நிரூபிப்பாள். ஆகவே மாதத்தோடும் கிழமையோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

மெல்பேர்ன் நகரத்து நோபல் பார்க்கில் ரயில் பாதைக்குப் பின்புறம் இருந்தது என் கராஜ். அதன் வாசலில் ஒரு பெரிய பாரவண்டி வந்து நின்றது. அதன் முதுகில் தார்ப்பாயால் மூடிய ஏதோ ஒன்று. அதற்குப் பின்னால் தன் சின்னக் காரில் சரவணன் வந்து இறங்கினார்.

சரவணன் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை. வெரிபீயில் வீடு. மெல்பேர்னின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஒயில் மாற்ற வருகிற மனிதர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை. முந்தின கிழமைதான் போன் எடுத்து, "அண்ணா, ஒரு பழைய பிரிட்டிஷ் வண்டி வாங்கியிருக்கேன். நாலு இடத்துல கேட்டுட்டேன், தொடமாட்டேங்கிறாங்க. நீங்கதான் பாக்கணும்" என்றிருந்தார். தோல் சீற், மரத்தில் டாஷ்போர்ட் என்று கற்பனை பண்ணிக்கொண்டு நானும் ஓமென்று சொல்லிவிட்டேன்.

தார்ப்பாயை இழுத்தார்கள்.

கரும்பச்சை. ஆள் இடுப்பளவு உயரத்தில் நாலு டயர்கள். சரிவான இரும்புத் தகடுகளைச் சேர்த்துப் பொருத்திய பெட்டி. மேலே சுற்றும் சின்னக் கோபுரம். அதில் துவக்குக் குழல் நீட்டியிருந்த ஓட்டையைத் தகடு வைத்து வெல்ட் பண்ணி அடைத்திருந்தார்கள்.

"ஃபெரட் ஸ்கவுட் கார், அண்ணா" என்றார் சரவணன், பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்போல. "ஃபெரட்னா நம்மூர் கீரி மாதிரி ஒரு பிராணி."

"வீட்டிலை சொல்லிப்போட்டீரோ?"

"பழைய கார்னு சொல்லியிருக்கேன். பொய்யில்லையே?"

பத்மா ஆபீஸ் கதவில் நின்றாள், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. அந்த வண்டியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, உது எத்தினை நாளைக்கு இஞ்சை நிக்கும்?"

"ஒரு ரெண்டு கிழமை. பதினாலு நாள்."

"அப்ப ரெண்டு கிழமை கழிச்சு வாறன்."

வீட்டுக்குப் போய்விட்டாள். தேத்தண்ணி பாதியும் குடிக்கவில்லை.

2. ஒரு சைக்கிளும் ஒரு சத்தமும்

அவள் போன காரணத்தை, இதை வாசிக்கும் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பத்மா பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில், சோதனை பாஸ் பண்ணியதற்குத் தகப்பன் அவளுக்கு ஒரு புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இராணுவத்தின் இதே இன வண்டி ஒன்று வந்தது. எல்லோரும் ஓடினார்கள். வாசல் படலையில் சாத்தியிருந்த சைக்கிளால் ஓட முடியவில்லை. வண்டி அதன்மேல் ஏறி, நிற்காமல் போயிற்று. இந்தக் கதையைக் கல்யாணம் பேசிவந்த அன்றே அவள் எனக்குச் சொன்னாள். சைக்கிளின் நிறம், மணி, பின் காரியர் உட்பட.

எனக்கும் இந்த வண்டிக்கும் உள்ள கதை வேறு. நான் அங்கே பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். இந்த வண்டி வருகிறபோது ஒரு ஊளைச் சத்தம் முன்னால் வரும். சாதாரணக் கியர்ப்பெட்டியின் சத்தமல்ல அது. கியர் மாறும்போது எஞ்சின் மூச்சு விடுகிற இடைவெளியே கேட்காது. வேலி பாய்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போதும், 'இவன் கிளச் மிதிக்கிறானா, இல்லையா?' என்றுதான் என் மூளை கேட்டது. உயிர் போகிற நேரத்திலும் சிலருக்குப் புத்தி இப்படித்தான் வேலை செய்யும். அந்தக் கேள்விக்கு மறுமொழி இப்போது நாலு தொன் எடையில் என் கராஜுக்குள் நின்றது. அதைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பத்மா இல்லாத கராஜ் எப்படிப்பட்டது என்பதை ஒரே கிழமையில் கண்டேன். போன் எடுப்பவள் அவள். பில் போடுபவள் அவள். வாடிக்கையாளரின் கோபத்தைக் கேட்டு, அவருக்கே தேத்தண்ணி கொடுத்து அனுப்புபவள் அவள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேசிக்காய் வைப்பவள் அவள். தமிழ்நாட்டார் எலுமிச்சம்பழம் என்பார்கள். பெரிய வேலை பார்த்த எந்த வண்டியும் எங்கள் கராஜிலிருந்து வீதியைப் பார்த்தபடி, சில்லுக்கு ஒன்றாகப் பத்மா வைத்த நாலு தேசிக்காயில் ஏறித்தான் வெளியே போகும். கிரேக்கரும் வியட்நாமியரும்கூட இதைக் கேட்டு வாங்குவார்கள். அவள் சிட்னியில், மெரிலேண்ட்ஸில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒருமுறை நானே வைத்து ஒரு காரை அனுப்பினேன். முதல் வளைவிலேயே குப்பை லொறியில் இடித்தது.

வண்டி போனால்தான் பத்மா வருவாள். பத்மா வந்தால்தான் வண்டி போகும். இந்த முடிச்சு எனக்கு இரண்டாவது கிழமைதான் விளங்கியது.

3. கிளச் இல்லாத வண்டி

கழற்றிப் பார்த்ததில் என் பழைய கேள்விக்கு விடை கிடைத்தது. கிளச் இல்லை. அதற்குப் பதிலாக, எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் ஒயிலால் சுழலும் ஒரு பாரமான சில்லு, ஃப்ளைவீல். வேண்டிய கியரை லீவரில் முதலில் தெரிவு செய்து வைக்க வேண்டும். பிறகு, கிளச் இருக்க வேண்டிய இடத்திலிருக்கும் பெடலை மிதித்து விட்டால் அந்தக் கியர் விழும். முன்கூட்டியே யோசிக்கத் தெரிந்தவனுக்கான ஏற்பாடு. பெடலை அரைகுறையாக மிதித்தால் அது திருப்பி உதைக்கும். முதல் நாளே உதைத்தது. மழை வரப்போவதை இப்போது என் இடது முழங்கால் வானொலிக்கு முன்பே சொல்கிறது.

எஞ்சின் ஆறு சிலிண்டர், பெற்றோல். பெரிய மனிதர்களுக்குக் கார் செய்கிற ஒரு ஆங்கிலேயக் கம்பனி செய்தது. பெற்றோல் குடிப்பதிலும் அது பெரிய மனிதன்தான். ஸ்டியரிங் சில்லு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்ததுபோல மறுபக்கமாய்ச் சரிந்திருக்கும். துவக்குச் சன்னம் துளைக்காத கூரைக்குள்ளால் மெல்பேர்ன் மழை மட்டும் தாராளமாக ஒழுகிற்று. என் கழுத்துக்குச் சரியாக ஒரு சொட்டு.

"உவ்வளவு இரும்பு வைச்சவன், ஒரு ரப்பர் வைக்கக்கூடாதோ?" என்று சரவணனிடம் கேட்டேன்.

"குண்டுக்குப் பட்ஜெட் போட்டாங்க அண்ணா. மழைக்குப் போடல."

4. ஒற்றை டயர்

இனி என் கெட்டித்தனம். நாலு டயரில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் வெடித்திருந்தது. மற்ற மூன்றும் தேய்ந்தவை, ஆனால் ஓடும். நல்லதைக் கழற்றி எறிகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் பூட்டினேன்.

ஓகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை, கராஜுக்குப் பின்னாலுள்ள தனியார் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சத் தூரம் போனதும் வண்டி பாரமாயிற்று, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல. இறங்கி, புதுச் சில்லின் உள்பக்கமிருக்கும் சின்னக் கியர்ப்பெட்டியில் கை வைத்தேன். தோசைக்கல். பிரேக் இறுகிவிட்டது என்று தீர்மானித்தேன். பிரேக் எல்லாவற்றையும் கழற்றினேன். சுத்தம் செய்து பூட்டினேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி தோசைக்கல். மறுபடி கழற்றினேன். இரண்டு கிழமை ஐந்து கிழமையாயிற்று. வீட்டில் சாப்பாடு வந்தது. பேச்சு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சரவணன் மடிக்கணினியோடு வந்தார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்."

"மேனுவல் முழுசும் படிச்சேன்."

"முழுசுமோ?"

"எங்க வேலையே அதுதானே அண்ணா, யாரும் படிக்காததைப் படிக்கிறது. இதுல இடது பக்கம் முன்னாடி வீலும் பின்னாடி வீலும் ஒண்ணா பூட்டினது. வலது பக்கமும் அப்படித்தான். ஒரு டயர் பெருசா இருந்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுமாம். உள்ள ஷாஃப்ட் முறுக்கிக்குமாம். நாலும் ஒரே அளவு இருக்கணும்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கான்."

முன் சில்லொரு பக்கம், பின் சில்லொரு பக்கம் இழுத்தால் சூடு வராமல் வேறென்ன வரும்? என் வீட்டிலேயே அதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஒரே அளவில் நாலு டயர் போட்டோம். சூடு இறங்கியது. அப்படிப் போட்டும், தார் வீதியில் நெடுநேரம் ஓடினால் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும் என்றது மேனுவல். அதற்கு வைத்தியம், இடைக்கிடை ஒரு சில்லை நடைபாதைக் கட்டின்மேல் ஏற்றி இறக்குவது. சில்லு அந்தரத்தில் ஒரு கணம் வழுக்க, முறுக்கு அவிழும். நான் வேண்டுமென்றே நடைபாதைக் கட்டின்மேல் ஏறி இறங்குவதைக் கண்ட பக்கத்துக் கராஜ் அவுஸ்திரேலியர் ஓடி வந்து, "யூ ஓல்ரைட், மேட்?" என்று கேட்டார். மேனுவலில் உள்ளது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

5. தேசிக்காய்

செப்டெம்பர் முதல் வெள்ளிக்கிழமை, இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்.

"பத்மா, வேலை முடிஞ்சுது. நாளைக்குச் சரவணன் உந்த வண்டியை வெரிபீக்கு ஓட்டிக்கொண்டு போறார்."

"ஆத்துக்கு மேலாலை போற அந்தப் பெரிய பாலத்தாலயோ?"

"ஓம்."

"தேசிக்காய்?"

"நான் வைக்கிறன்."

அவள் கையைச் சோற்றிலிருந்து எடுத்தாள். "நீங்கள் வைச்சு அனுப்பின கார் எங்கை போய் இடிச்சது எண்டு ஞாபகம் இருக்கோ? உந்தச் சரவணன் பெடியன் உங்களுக்கு என்ன பாவம் செய்தவன்?"

மறுநாள் காலை நாலு தேசிக்காயோடு வந்தாள். வண்டி வழக்கம்போல் வீதியைப் பார்த்து நின்றது. சரவணன் குளித்து, விபூதி பூசி, கதவருகே நின்றார்.

"வாங்கக்கா. கோவமில்லையே?"

"உம்மோடை என்ன கோபம் தம்பி" என்றவள், வண்டியை ஒருதரம் சுற்றி வந்தாள். பிறகு என்னிடம், "உள்ளுக்கை என்ன இருக்கு?" என்றாள்.

"நீர் ஏறிப் பாருமன்."

ஏறுவாள் என்று நான் நினைக்கவில்லை. சீலையை ஒதுக்கிக்கொண்டு, என் தோளில் கை வைத்து ஏறி, சாரதி சீற்றில் இறங்கி உட்கார்ந்தாள். முன்னாலுள்ள சின்னத் துவாரத்தால் பார்த்தாள்.

"இதுக்குள்ளை இருந்தவனுக்கு என்ன தெரியும்?"

"றோட்டிலை ஒரு துண்டு. வேறை ஒண்டும் தெரியாது."

"அப்ப என்ரை சைக்கிளைக் கண்டிருக்க மாட்டான்."

"கண்டிருக்க மாட்டான்."

துவாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "கண்டிருந்தாலும் நிப்பாட்டியிருக்க மாட்டான்" என்றாள். பிறகு பக்கத்திலிருந்த லீவரைத் தொட்டு, "உது என்ன?"

"அதைத் தள்ளினால் அஞ்சு கியரும் அப்பிடியே பின்னுக்கு. முன்னுக்கு ஓடுற வேகத்திலை பின்னுக்கும் ஓடும்."

"அதென்னத்துக்கு?"

"ஸ்கவுட் கார்தானே. போய் எட்டிப் பாத்திட்டு, ஆபத்தெண்டால் திருப்பாமல் அப்பிடியே ஓடித் தப்ப."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இரும்புப் பெட்டிக்குள் அது பெரிதாகக் கேட்டது.

"எங்களை அந்த ஓட்டம் ஓட வைச்ச சாமான், தானே ஓடுறதுக்கெண்டு செய்ததோ!"

இறங்கி வந்ததும் சீலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "இஞ்சேருங்கோ, வண்டியைத் திருப்பி விடுங்கோ."

"ஏன்? சரியாத்தானே நிக்குது?"

"எங்கட ஒழுங்கைக்குள்ளை இது முன்பக்கமாத்தான் வந்தது. என்ரை கராஜாலை பின்பக்கமாப் போகட்டும்."

சரவணன் தயங்கினார். "அக்கா, எலுமிச்சம்பழத்து மேல ரிவர்ஸ்ல ஏத்தினா சகுனம்..."

"தம்பி, இது முன்னாலை போய்ச் செய்ததெல்லாம் காணும், போதும்."

நாலு தொன்னை அந்த இடுக்கில் திருப்ப எனக்கு வேர்த்துவிட்டது. முழங்காலுக்கு இன்னொரு உதையும் கிடைத்தது. பத்மா குனிந்து சில்லுகளுக்குப் பின்னால் தேசிக்காய்களை வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், வண்டியின் பின்புறத்துக்கு நேரே நின்றுகொண்டாள். வீதிவரை நானே ஓட்ட, சரவணன் கோபுரத்துக்குள்ளால் தலையை நீட்டி, அவள் சொல்வதை எனக்குச் சொன்னார். எனக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது.

"வரட்டும், வரட்டும்" என்றாள். கியர்ப்பெட்டி அந்த ஊளையைத் தொடங்கியது. தேசிக்காய் ஒவ்வொன்றாய்ச் சப்பென்று நசிந்தது. "வரட்டும், இன்னும் வரட்டும்."

"நிறுத்துங்கண்ணா! அக்கா கைய காட்டறாங்க!"

நிறுத்தினேன். மேல் மூடியால் எழும்பிப் பார்த்தேன். வாசலின் இரண்டு பக்கமும் நிறைய இடமிருந்தது. பத்மா வண்டிக்கு ஒரு முழம் தள்ளி, கையை உயர்த்தியபடி நின்றாள். நிறுத்த ஒரு காரணமும் இல்லை. கையை அவள் உடனே இறக்கவும் இல்லை.

சரவணன் குனிந்து மெல்ல, "என்னண்ணா ஆச்சு?" என்றார்.

"ஒண்டுமில்லை. பொறும். அண்டைக்கு நிக்காத வண்டி."

கடைசியில் கையை இறக்கி, ஒரு பக்கமாய் விலகினாள். "சரி, இனிப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனாள். உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அவளே எடுத்தாள்.

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு இரண்டு விஷயம். டயர் மாற்றினால் நாலையும் மாற்றுங்கள், மேனுவலை முதலிலேயே வாசியுங்கள். இதைச் சேர்த்து ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். மற்றது, எஞ்சின் ஓடியதும் வேலை முடிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். என் கராஜில் அதைத் தீர்மானித்தது நானல்ல, வாசலில் கை காட்டி நின்றவள்.