கல்வெட்டில் ஓர் இருமல்

என் மகள் மூன்றரை வயதில் முழுதாகப் பாடமாக்கிய முதல் பாட்டு ஒரு செத்தவீட்டுப் பாட்டு. அதற்குக் காரணம் நான்தான்.

முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக நான் கல்வெட்டுகளை ஆராய்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இதைச் சொன்னால் கோயில் சுவரில் பொறித்த எழுத்தைத்தான் நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களின் கையில் கொடுத்துவிடும் சிறிய நினைவுப் புத்தகம். அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, அதன் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பாட்டு. பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். நான் அந்தப் பாட்டுகளை வாசிக்கிறேன்.

இணுவிலில் மாமி வீட்டில், என் கணவரின் அம்மாவோடுதான் இருக்கிறோம். புத்தகங்களை அறைக்குள் வைக்க மாமி விடவில்லை.

“சின்னப்பிள்ளை படுக்கிற இடத்திலை செத்தவையின்ரை படத்தை அடுக்கி வைச்சிருக்கிறாய். உனக்குப் பயமில்லையோ?”

உண்மையில் எனக்கும் பயம்தான். படிக்கிறவள் நான், இதையெல்லாம் நம்பக்கூடாது என்று பகலில் நினைப்பேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் வேலையாகப் புத்தகங்களை வெளியே கொண்டுபோவேன். கடைசியில் அவை விறாந்தையில், ஒரு பெரிய தகரப் பிஸ்கற் ரின்னுக்குள் குடியேறின. நானும் அவற்றோடு விறாந்தைக்குப் போனேன். என் மேசை, மகளின் சின்னக் கதிரை, புட்டுக் கோப்பை எல்லாம் அங்கேதான். அவளுக்கு ஒரு வாய் ஊட்டுவதும் ஒரு வரி வாசித்துத் தட்டச்சு செய்வதுமாக முழு அத்தியாயத்தையும் எழுதி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியும் விட்டேன்.

அந்த அத்தியாயத்தில்தான் என் படிப்பே தங்கியிருந்தது. பிள்ளை பிறந்தபோது ஒரு தடவையும் பிறகு இன்னொரு தடவையும் தவணை நீடித்துத் தந்திருந்தார்கள். இனி நீடிப்பு இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. மாத முடிவில் முன்னேற்றக் கருத்தரங்கு. அதில் அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டால் படிப்புத் தொடரும், இல்லாவிட்டால் பதிவு ரத்து.

மனைவி புலம்பல்கள் பெண்களின் சொந்தக் குரல் என்பதே அத்தியாயத்தின் வாதம். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த ஒருவரின் கல்வெட்டை முக்கியச் சான்றாக எடுத்திருந்தேன். அவருடைய மனைவியிடமே இரவல் வாங்கியது. அதில் மனைவி புலம்பல் இப்படித் தொடங்கும்:

விளக்கேற்றி வாசலிலே விழிவைத்துக் காத்திருந்தேன்
கிழக்கு வெளுக்குமுன்னம் கேட்கும் அந்த இருமல் எங்கே

இப்படி எட்டு வரிகள். விளக்கேற்றுகிறவள் பெண், ஆகவே இது ஒரு பெண் மட்டுமே எழுதக்கூடிய வரி என்று அந்த விளக்கை வைத்தே பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டாவது வரியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இருமல் கவிதைக்குள் வரக்கூடிய சொல்லாக எனக்குப் படவில்லை.

கருத்தரங்குக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள் இருந்தது. ஒரு மத்தியானம் ரின்னின் அடியிலிருந்து இன்னொரு கல்வெட்டை எடுத்தேன். அச்சுவேலியில் கடை வைத்திருந்த ஒருவருடையது. மகளின் வாயில் புட்டை வைத்துவிட்டு மனைவி புலம்பலைச் சத்தமாக வாசித்தேன்.

“விளக்கேற்றி வாசலிலே விழிவைத்துக் காத்திருந்தேன்...”

வாய்க்குள் புட்டோடு மகள் தொடர்ந்தாள். “கிழக்கு வெளுக்குமுன்னம் கேட்கும் அந்த இருமல் எங்கே!”

நான் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் ‘கிழக்கு வெளுத்தபின்னும் கேட்கவில்லை உங்கள் குரல்’ என்று இருந்தது. “இல்லை அம்மா, இருமல்!” என்று மகள் கோபித்தாள். மற்ற ஏழு வரிகளும் ஒரு சொல் பிசகாமல் ஒன்றுதான். நீர்வேலி மனைவியும் அச்சுவேலி மனைவியும் ஒரே பாட்டில் அழுதிருந்தார்கள். இரண்டு புத்தகத்தின் பின்னட்டையிலும் அச்சுவேலியில் உள்ள ஒரே அச்சகத்தின் பெயர்.

பதினொரு பக்கமும் போய்விட்டது என்று விளங்கியது. இரண்டாவது புத்தகத்தைத் திரும்ப ரின்னின் அடியில் வைத்து மூடினேன். இதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கருத்தரங்கில் இருக்கிற ஒருவரிடமும் இந்த இரண்டு புத்தகமும் சேர்ந்து இருக்காது. தெரிந்தவள் மகள் மட்டும்தான். மேற்பார்வையாளரிடம் சொல்லலாம் என்று இரண்டு நாள் போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னால் இவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அரைகுறையாகப் படிக்கிறாள் என்று நினைப்பாரோ? சொல்லாமல் விட்டால் நான் எப்படிப்பட்டவள்? மூன்றாம் நாள் மகளை மாமியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் அச்சுவேலிக்குப் போனேன். ஒருத்தி மற்றவளின் பாட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று அச்சகத்தில் சொல்லிவிட மாட்டார்களா என்ற நப்பாசை.

அச்சகத்தில் கணினிக்கு முன்னால் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு புத்தகத்தையும் காட்டியதும் சிரித்துவிட்டாள்.

“அக்கா, உது எங்கடை கொம்பியூட்டரிலை கிடக்கிற பாட்டு. முந்தி இஞ்சை வேலை செய்த ஐயா ஒராள் எழுதி வைச்சது. பாருங்கோவன்.”

திரையைத் திருப்பிக் காட்டினாள். மனைவி ஒன்று முதல் மனைவி ஆறு வரை. கணவன் இரண்டு. மக்கள் ஐந்து. கீழே ‘மருமக்கள் பொது’ என்று ஒரே ஒரு கோப்பு.

“மருமக்களுக்கு ஒண்டுதானோ?”

“ஒண்டு போதும் அக்கா. மாத்தச் சொல்லி இண்டைவரைக்கும் ஒரு மருமகளும் வரேல்லை.” இரண்டு கல்வெட்டையும் விரித்துப் பார்த்தாள். “இது மனைவி மூண்டு. கனபேருக்குப் பிடிச்சது. விளக்கு வருகுதெல்லே, அழகாக் கிடக்கும்.”

என் முகம் என்னவாகப் போயிருக்குமோ தெரியாது, அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

“ஏனக்கா இதுக்குப் போய்க் கவலைப்படுறியள்? ஒருத்தரும் உள்ளபடி விடமாட்டினம். புறூவ் குடுத்தா ஒரு வரியெண்டாலும் பிடுங்குவினம்.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் உரப்பையை இழுத்துவந்தாள். அது நிறைய, அச்சிடுமுன் பிழை பார்க்கக் கொடுக்கும் புறூவ் தாள்கள். அச்சடித்த பிறகு பெயர் விடுபட்டுவிட்டது, உறவுமுறை பிழையாகிவிட்டது என்று சண்டைக்கு வருவார்களாம். அதனால் வீட்டுக்காரர் திருத்திக் கையெழுத்து வைத்த தாளை எறியாமல் வைத்திருக்கிறார்கள். அவள் எடுத்துத் தந்த முதல் தாளிலேயே ‘விளக்கேற்றி’ வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் நீலப் பேனையால் ‘ரோச் பிடித்து’ என்று எழுதியிருந்தது, கைமின்விளக்கைத்தான்.

“இது கடற்கரைப் பக்கத்து ஆள். மனுசன் கடலாலை வரேக்கை ரோச்தான் பிடிக்கிறனான், விளக்கு ஆர் பிடிச்சது எண்டு என்னோடை ஒரே சண்டை. பிறகு அண்ணன்மார் வந்து ரோச்சை வெட்டிப்போட்டினம். இந்தா, சிவப்புப் பேனை அவையின்ரை. அடுத்த நாள் அந்த அக்கா தனிய வந்து திரும்பப் போடுவிச்சவ. பச்சைப் பேனை.”

நீர்வேலித் தாளும் அதற்குள் இருந்தது. ‘கேட்கவில்லை உங்கள் குரல்’ இரண்டு தரம் அழுத்தி வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் ‘விடிய முன்னம் இருமுவார் அது எங்கே’ என்று சரிந்த எழுத்து.

“அதைப் பாட்டின்ரை அளவுக்குக் கொண்டந்தது நான்தான்” என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாக.

போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். அவள் உள்ளங்கையால் தாளை மூடினாள்.

“வீட்டுக்காரரைக் கேட்டிட்டு வாங்கோ அக்கா. இது அவையின்ரை.”

சரியான பேச்சுத்தான். ஆனால் அந்த மனைவியிடம் போய் என்னவென்று கேட்பது? அவருடைய துக்கத்தைக் கணினியில் இருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாகச் சொல்வதா? வழி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு வந்து இணுவிலில் திரும்ப வேண்டிய சந்தியைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் மாமி கோயிலுக்குப் போய்விட்டதால் மகளையும் ஏற்றிக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன். அந்த மனைவிக்கு ஐம்பது வயது சொல்லலாம். வீட்டுக்குப் பின்னால் வாழைகளின் காய்ந்த சருகுகளை வெட்டிக்கொண்டு நின்றார்.

“அன்ரி, ஒரு விசயம் கேக்கவேணும். கோவிக்கக்கூடாது.”

“கல்வெட்டைத் துலைச்சுப்போட்டியோ?”

“ஐயோ, இல்லை. இந்தாங்கோ. அது... அந்த மனைவி புலம்பல் நீங்கள் எழுதினதோ எண்டு...”

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நானோ? மனுசன் செத்து, வீடு முழுக்கச் சனம். நான் தேத்தண்ணியைப் பாக்கிறதோ, பாட்டுக் கட்டிறதோ? அச்சகத்துப் பெட்டை ஆறு பாட்டுக் காட்டினது. உது நல்லாக் கிடந்தது, எடுத்தனான். ஏன் பிள்ளை, பிழையோ?”

“பிழையில்லை அன்ரி. நான்தான் பிழையா எழுதிப்போட்டன்.”

“அப்ப திருத்தி எழுதன். இதுக்கே முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்?”

இரண்டாவது வரியைப் பற்றிக் கேட்டேன். அவர் வாழைக் கன்று ஒன்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“‘கேட்கவில்லை உங்கள் குரல்’ எண்டு கிடந்தது. அதைப் போட்டா ஊர் சிரிக்கும். அந்த மனுசன் எங்கை கதைச்சது? ஒரு நாளைக்கு நாலு சொல்லு. விடியப்புறம் தோட்டத்துக்குத் தண்ணி மாற எழும்பும். எழும்பின உடனை இருமல். அந்த இருமலுக்கு நான் எவ்வளவு பேசியிருப்பன்! மனுசரை நித்திரை கொள்ள விடுங்கோ எண்டு. மூத்தவளுக்குச் சரியான கோபம். ‘அம்மா, உதென்ன இருமலைப் போய்ப் போடுறியள், சனம் என்ன சொல்லும்’ எண்டாள். நான் விடேல்லை.”

அதுவரை சருகைப் பிய்த்து விளையாடிக்கொண்டிருந்த மகளுக்கு இருமல் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. நான் தடுப்பதற்குள், ஊட்டும்போது நான் வாசிக்கும் அதே இழுவையில், அந்த இரண்டு வரியையும் உரக்கச் சொன்னாள். “மன்னியுங்கோ அன்ரி, நான் வாசிக்கேக்கை...” என்று தொடங்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளுக்கு முன்னால் குந்தினார்.

“இன்னொருக்காச் சொல்லு ராசாத்தி.”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அங்கே தொங்கிய குலையைப் பார்த்தாள். அவர் எழுந்து உள்ளே போய் இரண்டு பழம் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றை முழுதாகத் தின்று முடித்த பிறகுதான் மகள் திரும்பச் சொன்னாள். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நல்லாத்தான் கிடக்கு” என்றார்.

அச்சகத்தில் உள்ள தாளைப் படம் எடுக்கலாமா என்று அதன் பிறகே கேட்டேன்.

“என்ரை பேர் வருமோ?”

“இல்லை அன்ரி. பேர் போடமாட்டன், ஊரும் வேண்டாமெண்டா நீர்வேலி எண்டதையும் எடுத்துவிடுறன்.”

“ஊர் கிடக்கட்டும். பேர் வேண்டாம். இருமலைப் போடு.”

பதினொரு பக்கத்தையும் அழித்தேன். கடைசியில் ‘டிலீற்’ விசையை அழுத்தும்போது மகள்தான் என் விரலுக்கு மேல் தன் விரலை வைத்தாள். அவளுக்கு அது விளையாட்டு. பதினாறு நாளில் புதிய அத்தியாயம் எழுதினேன். என் கணவர் வேலையால் வந்து சமைத்தார். மாமி பிள்ளையைக் குளிப்பாட்டினார். கடற்கரைப் பெண்ணின் அனுமதியையும் அச்சகத்துப் பெண்ணே போன் எடுத்து வாங்கித் தந்தாள்.

கருத்தரங்கு நாளில் என் முதல் வசனம், “நான் முதலில் அனுப்பிய அத்தியாயம் பிழையானது” என்பது. மேற்பார்வையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். பிறகு வெட்டித் திருத்திய தாள்களைக் காட்டினேன். மூன்று நிறப் பேனையும் திரையில் பெரிதாக வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு.

வந்திருந்த பரிசீலகர் கேட்டார். “அப்ப இந்தப் புலம்பல் ஆரின்ரை? அச்சகத்தின்ரையோ, மனைவியின்ரையோ?”

இதற்கு வீட்டில் நீளமான பதில் எழுதி வைத்திருந்தேன். அது மறந்துவிட்டது.

“ஏழு வரி அச்சகத்தின்ரை, ஒரு வரி மனைவியின்ரை சேர். இனி நான் அந்த ஒரு வரியைத்தான் தேடப்போறன்.”

ஏற்றுக்கொண்டார்கள். தலைப்பை மாற்ற வேண்டும், அனுமதிக் கடிதங்களைப் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும். பதிவு தொடரும். வெளியே நடைபாதையில் மேற்பார்வையாளர் என் தோளில் கைவைத்தார். “முதலே எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் என்ன உங்களைத் தின்னவோ போறன்?” அப்படிக் கேட்டதற்கும் என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் பாதி வழி யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மாமிக்கு எல்லாவற்றையும் சொன்னேன், மருமக்கள் பொதுவையும் சேர்த்து. மாமி சுளகில் அரிசியைக் கொழித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ரை கல்வெட்டிலை அந்தப் பொதுவைப் போட்டா எழும்பி வருவன், சொல்லிப்போட்டன்.”

“நீங்கள் இப்ப என்னத்துக்கு அதைக் கதைக்கிறியள் மாமி?”

“நீதானே நாள் முழுக்க அதைக் கதைக்கிறாய்.”

பிறகு நீர்வேலிக்குப் போன் எடுத்தேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

“இருமலுக்கு என்ன சொன்னவை?”

“அதைத்தான் அன்ரி கனநேரம் கதைச்சவை. கம்பஸிலை, பெரிய பெரிய ஆக்களெல்லாம்.”

தூரத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடுவது கேட்டது.

“மனுசன் கேட்டிருந்தா வெக்கப்பட்டு எழும்பிப் போயிருக்கும்” என்றார். பிறகு, “பெட்டையைக் கூட்டிக்கொண்டு வா. குலை ஒண்டு பழுக்கப் போட்டிருக்கிறன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.